பாத்தேனுங்க, ஆனா தெரியலீங்க

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குள் நுழைந்தால், ஓவர்லாக் மெஷின் இரைச்சலைத் தாண்டிக் கடைசியில் ஒரு பகுதி மட்டும் கொஞ்சம் அமைதியாக இருக்கும். அதுதான் செக்கிங். தாழ்வாகத் தொங்கும் ட்யூப்லைட், கீழே நீள மேஜை, இரண்டு பக்கமும் நின்றுகொண்டே வேலை பார்க்கும் பெண்கள். பீஸை எடுத்து விரிப்பார்கள். கழுத்து, தோள், கை, பக்கத் தையல், அடிமடிப்பு, பிறகு உள்பக்கம் திருப்பி இன்னொரு சுற்று. ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் என்று எது கண்ணில் பட்டாலும் அங்கே அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தனியே தள்ளிவிட வேண்டும்.

என் அத்தைக்கு இந்த வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் அனுபவம். ஒரு நாள் மிளகளவு ஓட்டை ஒன்று, அதுவும் வெள்ளை டி-ஷர்ட்டின் நெஞ்சுக்கு நேராக, அத்தையின் கையைத் தாண்டிப் போய்விட்டது. சரக்கு வாங்கும் பையர் அனுப்பிய ஆள் அதைப் பிடித்துவிட்டார். சூப்பர்வைசர் அத்தையின் மகன் வயசுப் பையன். பீஸைத் தூக்கிக்கொண்டு வந்து, “ஏனுங்கக்கா, இதப் பாத்தீங்களா, பாக்கலீங்களா?” என்று கேட்டிருக்கிறான். அத்தை சொன்ன பதில்: “பாத்தேனுங் தம்பி. ஆனா தெரியலீங்க.”

மேஜையே சிரித்ததாம். அன்றைக்குக் கால் ஷிப்ட் சம்பளமும் போனது. வீட்டில் அத்தை இதைச் சொன்னபோது நானும் சிரித்தேன். பார்த்தால் தெரியாமல் எப்படிப் போகும்? மூளை ஸ்கேன் ஆராய்ச்சிகளைப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் அந்தப் பதிலில் வார்த்தைக்கு வார்த்தை விஷயம் இருப்பது புரிந்தது. 1999-இல் லண்டனில் நடந்த ஒரு ஆய்வு, சூப்பர்வைசர் கேட்ட அதே கேள்வியை மூளையிடம் கேட்டிருக்கிறது. அதற்கு வருமுன் கொஞ்சம் சுற்றி வரவேண்டும்.

கையை நேராக நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்திப் பாருங்கள். அந்த நகத்தின் அகலம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு இடம்தான் ஒரு நேரத்தில் நமக்குக் கூர்மையாகத் தெரிகிறது. மற்றதெல்லாம் மங்கல். முழுக்காட்சியும் பளிச்சென்று இருப்பதாகத் தோன்றுவதற்குக் காரணம், கண் ஒரு விநாடிக்கு மூன்று முறை போலத் தாவிக்கொண்டே இருப்பது. ஒவ்வொரு கண்ணிலிருந்தும் சுமார் பத்து லட்சம் நரம்பிழைகள் கிளம்பி, நடுவில் ஒரு இடத்தில் மாற்றிக்கொண்டு, பின்மண்டைக்குப் போகின்றன. பார்வை வந்து சேரும் முதல் ஸ்டேஷன் பிடரிக்கு மேலே இருக்கிறது.

இதைத் துல்லியமாகக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் ஜப்பானிய கண் மருத்துவர் தட்சுஜி இனூயே. 1904-05-இல் ரஷ்யாவுடன் நடந்த போரில் மண்டையில் குண்டு துளைத்தும் பிழைத்து வந்த சிப்பாய்கள் பலர். யாருக்கு எவ்வளவு பார்வை போயிருக்கிறது என்று பார்த்துப் பென்ஷனுக்குக் கணக்குச் சொல்வது இவர் வேலை. குண்டு நுழைந்த இடம், வெளியேறிய இடம், பார்வையில் விழுந்த ஓட்டை மூன்றையும் பொருத்திப் பார்த்தார். விழித்திரையின் படம் மூளையில் ஒழுங்கு கலையாமல் விரிந்திருப்பதும், அந்தக் கட்டைவிரல் நக அளவுக் கூர்மைப் பார்வைக்கு மட்டும் ஏகப்பட்ட இடம் ஒதுக்கப்பட்டிருப்பதும் தெரிந்தது. பென்ஷன் ஃபைலிலிருந்து இப்படி ஒரு வரைபடம் கிடைக்கும் என்று யார் நினைத்திருப்பார்கள்!

குண்டு துளைக்காத தலைக்குள் எப்படிப் பார்ப்பது? இதற்கு முதல் குறிப்பு ஒரு சத்தமாகக் கிடைத்தது. 1920-களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக்கு வால்டர் கே. என்று மட்டும் பதிவாகியிருக்கும் ஒரு மாலுமி வந்தார். பார்வை மங்குகிறது, தலைக்குள் ஏதோ இரைகிறது என்பது அவர் புகார். பின்மண்டையில் ரத்தக் குழாய்கள் முடிச்சு முடிச்சாகச் சிக்கிக் கிடந்தன. அறுவை செய்தும் அந்தச் சிக்கலை எடுக்க முடியவில்லை, எலும்பில் ஒரு இடைவெளிதான் மிஞ்சியது. அதன் வழியாக ரத்தம் ஓடும் இரைச்சலை மருத்துவர்களால் காது வைத்துக் கேட்க முடிந்தது. அவர் செய்தித்தாள் படிக்கும்போது அந்த இரைச்சல் கூடியது. புகையிலையை முகர்ந்தால் கூடவில்லை. மருத்துவர் ஜான் ஃபுல்டன் 1928-இல் இதை எழுதி வைத்தார். கண்ணுக்கு வேலை கொடுத்தால் பின்மண்டைக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. இன்றைய ஸ்கேன் ஆராய்ச்சி முழுவதும் நிற்பது இந்த ஒரு விஷயத்தின் மேல்தான்.

ரத்தத்தை வெளியிலிருந்து படம் பிடிக்க வழி சொன்னவர் ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஓகாவா. ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் காந்தத்துக்கு லேசாக இழுபடும், ஆக்சிஜன் ஏறியது அப்படி இழுபடாது என்று லைனஸ் பாலிங்கும் சார்ல்ஸ் கோரியலும் 1936-லேயே காட்டியிருந்தார்கள். அந்த வித்தியாசம் எம்.ஆர்.ஐ. படத்தில் விழும் என்று 1990-இல் எலிகளை வைத்துக் காட்டினார் ஓகாவா. 1992-இல் மனிதர்களிடம் செய்து பார்த்த முடிவுகள் வெளிவந்தன. சிமிட்டும் விளக்கைக் காட்டினால் பின்மண்டையில் சிக்னல் ஏறியது, அணைத்தால் இறங்கியது. இதுதான் எஃப்.எம்.ஆர்.ஐ. மருந்தும் வேண்டாம், ஊசியும் வேண்டாம்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. நரம்பணு வேலை செய்தால் ஆக்சிஜனைச் செலவழிக்கும். அங்கே ஆக்சிஜன் குறையத்தானே வேண்டும்? ஆனால் கூடுகிறது. பாசனம் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு பாத்தி காய்கிறதென்று மடையைத் திறந்தால், அந்தப் பாத்திக்கு மட்டுமா தண்ணீர் போகும்? பக்கத்துப் பாத்தியும் வரப்பும் நனைந்து, தேவைக்கு மேலே தேங்கி நிற்கும். மூளையும் அப்படித்தான்: கேட்டதைவிட அதிகம் பாய்ச்சுகிறது. அந்த உபரியைத்தான் மெஷின் படம் பிடிக்கிறது. பவானிசாகரில் கீழ்பவானி வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்தால் கடைமடைக்கு வந்து சேர நாளாகிற மாதிரி இங்கேயும் தாமதம் உண்டு. நரம்பணு வேலை செய்து ஐந்தாறு விநாடி கழித்துத்தான் ரத்தம் உச்சத்துக்கு வரும். அத்தை அதற்குள் அந்த பீஸை மடித்துத் தள்ளியிருப்பார்.

அதனால் ஸ்கேன் படத்தில் சிவப்பாக ஒளிரும் இடத்தை “எண்ணம் எரிகிறது” என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது நனைந்த பாத்தி. மாற்றமும் சொற்பம்தான், பல சோதனைகளில் ஒன்றிரண்டு சதவீதம். படத்தின் ஒவ்வொரு புள்ளியும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனசதுரம், அதற்குள் லட்சக்கணக்கான நரம்பணுக்கள். ஒரே காட்சியைப் பலமுறை காட்டி, பல பேரைப் படுக்க வைத்து, சராசரி எடுத்தால்தான் ஏதாவது நம்பும்படி கிடைக்கும்.

போன வருஷம் ஒற்றைத் தலைவலிக்காகக் கோயம்புத்தூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் நானே படுத்தேன். வெளியே பெஞ்சில் ஒரு அம்மா, தாலியைக் கழற்றச் சொன்னதால் முகம் வாடி, மஞ்சள் கயிறு ஒன்றைக் கட்டிக்கொண்டு, கழற்றியதைக் கைக்குட்டையில் முடிந்து வீட்டுக்காரர் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே போனால் விசைத்தறிக் குடோனில் படுத்த மாதிரி சத்தம். ஆய்வுக்கூடத்திலும் இதே மாதிரி மெஷின்தான், 1.5 அல்லது 3 டெஸ்லா. மூன்று டெஸ்லா என்றால் பூமியின் காந்தப் புலத்தைப் போல பல்லாயிரம் மடங்கு. ஆய்வுக்குப் படுப்பவருக்குக் கண்ணுக்கு மேலே சின்னக் கண்ணாடி மாட்டி, தலைமாட்டில் இருக்கும் திரையை அதில் காட்டுவார்கள், கையில் ஒரு பொத்தான் இருக்கும். தலை அசையக் கூடாது. நோயாளிக்கு எடுக்கும் படம் நிதானமாக எடுத்த போட்டோ. ஆய்வில் இரண்டு விநாடிக்கு ஒருமுறை போல முழு மூளையையும் எடுத்துக்கொண்டே இருப்பார்கள்.

இனி கவனத்துக்கு வருவோம். கண் ஒரே இடத்தில், காட்சியும் ஒன்றேதான், கவனம் மட்டும் மாறினால் மூளையில் ஏதாவது மாறுமா? கேத்லீன் ஓ’க்ராவன், பால் டவுனிங், நான்சி கன்விஷர் மூவரும் 1999-இல் இதற்கு அழகான சோதனை செய்தார்கள். மூளையில் முகங்களுக்குத் துடிப்பாக எழும் பகுதி ஒன்றும், வீடு, தெரு போன்ற இடங்களுக்கு எழும் பகுதி ஒன்றும் இருப்பது அப்போது தெரிந்திருந்தது. இவர்கள் ஒரு முகத்தையும் ஒரு வீட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக, இரண்டும் தெரியும்படி பதித்துக் காட்டினார்கள். முகத்தைக் கவனி என்றால் முகப் பகுதியில் சிக்னல் ஏறியது, வீட்டைக் கவனி என்றால் இடப் பகுதியில். திரையில் மாறியது எதுவும் இல்லை.

அதே வருஷம் சபீன் காஸ்ட்னரின் குழு இன்னும் ஒரு படி போனது. திரையின் ஒரு மூலையில் ஏதோ வரப்போகிறது, பார்த்துக்கொண்டிரு என்று சொல்லிவிட்டு எதையும் காட்டாமல் இருந்தார்கள். வெறும் திரைதான். ஆனாலும் அந்த மூலைக்குரிய பார்வைப் பகுதியில் சிக்னல் ஏறிக்கொண்டிருந்தது. விருந்தாளி வருமுன்பே இலை போட்ட மாதிரி. இலை போடச் சொல்லும் உத்தரவு நெற்றிப் பக்கத்திலிருந்தும் உச்சிக்குப் பின்னால் இருக்கும் பக்க மடலிலிருந்தும் வருகிறது என்பதற்கு இதற்கப்புறம் நிறைய ஆதாரம் சேர்ந்திருக்கிறது.

அந்த உத்தரவு போடும் ஏற்பாடு பழுதானால் என்ன ஆகும் என்பதைப் பக்கவாத நோயாளிகளிடம் பார்க்கலாம். மூளையின் வலப்பக்கம், முக்கியமாகப் பக்க மடலை ஒட்டி அடிபட்ட சிலருக்குக் கண் நன்றாக இருந்தும் இடப்பக்க உலகமே இல்லாமல் போகிறது. இடக் கன்னத்தைச் சவரம் செய்யாமல் விடுவார்கள், தட்டில் பாதிச் சோற்றை மிச்சம் வைப்பார்கள். நம் பந்தியில் உட்கார வைத்தால் இலையின் இடது மூலையில் வைத்த உப்பும் ஊறுகாயும் அப்படியே கிடக்கும். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டால், வைக்கவே இல்லையே என்பார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் வீம்பு என்று நினைத்துத் திட்டுவதும் நடக்கிறது.

நல்ல மூளையிலும் இது சிறிய அளவில் நாள் முழுக்க நடக்கிறது. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் சத்தியமங்கலம் போர்டைத் தேடி நிற்கிறீர்கள். ஒன்றாகப் படித்தவர் எதிரே வந்து சிரித்துவிட்டுப் போகிறார். அப்புறம் போன் பண்ணி, “பெரிய ஆளாயிட்டீங்க, பாத்தும் பாக்காத மாதிரி போறீங்க” என்பார். நீங்கள் பார்க்காத மாதிரி போகவில்லை. 2009-இல் மரியஸ் பீலன், ஃபே-ஃபே லீ, காஸ்ட்னர் மூவரும் தெருக் காட்சிகளைக் காட்டி, ஆளைத் தேடு அல்லது காரைத் தேடு என்று சொல்லி ஸ்கேன் எடுத்தார்கள். தேடும் வகை, கவனிக்கச் சொல்லாத மூலையில் இருந்தாலும் மூளையில் தடம் பதித்தது. தேடாத வகை, கவனிக்கும் இடத்திலேயே இருந்தாலும் தடம் மங்கியது. மூளை எதைத் தேடுகிறதோ அதற்குத்தான் மடை திறக்கிறது.

இப்போது லண்டன். ஜெரைன்ட் ரீஸ், சார்லட் ரஸ்ஸல், கிறிஸ் ஃப்ரித், ஜான் டிரைவர் நால்வரும் செய்த ஆய்வு இது. கவனிக்காத பொருளைப் பற்றிக் கேட்டால் “தெரியலை” என்கிறார்களே, பார்த்துவிட்டு உடனே மறந்துவிட்டார்களா, அல்லது பார்க்கவே இல்லையா? வாயால் கேட்டு இதைத் தீர்க்க முடியாது. கேட்பதற்குள் மறந்திருக்கலாம். அதனால் அவர்கள் படங்களின் மேலேயே எழுத்துகளைப் பதித்துக் காட்டினார்கள். சில நேரம் அர்த்தமுள்ள சொல், சில நேரம் வெறும் எழுத்துக் கோவை. சொல்லைக் கவனிக்கும்போது மூளை இரண்டையும் பிரித்தது, சொல் வந்தால் சிக்னல் வேறு. படத்தைக் கவனிக்கச் சொன்னபோது, எழுத்து கண்ணுக்கு நேராக, கூர்மைப் பார்வையின் நடுவிலேயே இருந்தும், மூளையில் அந்த வித்தியாசம் காணாமல் போனது. சொல்லும் கிறுக்கலும் ஒன்றாகிவிட்டன.

மறதியென்று சொல்ல இதில் இடமில்லை. கண் அங்கே இருந்தது, வெளிச்சம் விழித்திரையில் விழுந்தது, பின்மண்டைக்கும் போயிருக்கும். அது என்ன என்று படிக்கிற வேலை மட்டும் நடக்கவில்லை. பாத்தேனுங், ஆனா தெரியலீங்க. சூப்பர்வைசரின் கேள்வியில் இருந்தது இரண்டு விடைகள்தான். மூன்றாவது விடை என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது, எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

அத்தை அன்றைக்குக் காலையிலிருந்து எதைத் தேடிக்கொண்டிருந்தார் என்று பின்னாளில் கேட்டேன். அந்த லாட்டில் எண்ணெய்க் கறை அதிகம், கறையை மட்டும் விட்டுடாதீங்க என்று சொல்லி வைத்திருந்தார்களாம். கறைக்கு மடை திறந்திருந்தது. ஓட்டை வந்தது வேறு வாய்க்காலில்.

ரத்தத்தின் தாமதம் வேண்டாம் என்றால் மின்சாரத்தைப் பிடிக்க வேண்டும். ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் முதன்முதலாக மனிதத் தலையில் பதிவு செய்து 1929-இல் வெளியிட்ட இ.இ.ஜி. முறை மில்லி விநாடிக் கணக்கில் பேசும். மூளைக்குள் எந்த இடம் என்று சரியாகச் சொல்லாது. எப்போது என்று சொல்லிவிடும். மின்முனைகள் கோத்த தொப்பியை மாட்டுமுன் தலைக்கு ஊற்றி, எண்ணெய் வைக்காமல் வரச் சொல்வார்கள். நம் ஊர்த் தலைகளில் பாதிச் சிரமம் அந்தத் தேங்காயெண்ணெயில்தான். கவனித்த இடத்தில் ஒரு காட்சி தோன்றினால் நூறு மில்லி விநாடி வாக்கிலேயே அலை உயர்கிறது. எதிர்பார்த்த அரிய ஒன்று தட்டுப்பட்டால் முந்நூறு மில்லி விநாடியை ஒட்டி ஒரு பெரிய அலை எழும்.

இந்த இரண்டாவது அலையை வைத்துத்தான் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நம் நாட்டுப் போலீஸ் ஆய்வகங்கள் கிளம்பின. சம்பந்தப்பட்டவர் சம்மதமில்லாமல் இப்படிச் சோதிக்கக் கூடாது என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. நல்ல தீர்ப்பு என்பேன். ஒருவர் மூளை ஒன்றைக் கவனித்தது என்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம்.

ஸ்கேனையும் இதே சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். 2009-இல் கிரெய்க் பென்னட்டும் கூட்டாளிகளும் செத்த சால்மன் மீன் ஒன்றை மெஷினில் வைத்து, மனிதர்கள் இருக்கும் போட்டோக்களைக் காட்டி, இவர்களின் மனநிலை என்ன என்று கேட்டார்கள். மீனின் மூளையில் சில புள்ளிகள் ஒளிர்ந்தன. வாளையார் தாண்டிக் கேரளாவுக்குப் போய் லாட்டரி வாங்குகிற நம் ஊர்க்காரர்களுக்கு இது புரியும். ஆயிரக்கணக்கில் சீட்டு இருந்தால் யாருக்காவது விழத்தான் செய்யும். ஸ்கேன் படத்திலும் புள்ளிகள் ஆயிரக்கணக்கில். அதற்குரிய திருத்தத்தைக் கணக்கில் சேர்த்ததும் மீன் மறுபடி செத்துவிட்டது. அந்த ஆய்வுக்கு 2012-இல் இக் நோபல் என்ற கிண்டல் பரிசைக் கொடுத்துச் சிரித்தார்கள், ஆனால் அதற்கப்புறம் பலர் தங்கள் கணக்கைத் திரும்பிப் பார்த்தார்கள். உங்கள் பிள்ளையின் கவனத்தை மூளைப் படம் எடுத்துச் சொல்கிறோம் என்று யாராவது பணம் கேட்டால் அந்த மீனை நினைத்துக்கொள்ளலாம். நான் மேலே சொன்ன ஆய்வுகளும் சராசரியைச் சொல்பவைதான். ஒரு மனுஷி, ஒரு நாள், ஒரு ஓட்டையைப் பற்றி எந்த மெஷினும் சாட்சி சொல்லாது.

செக்கிங் மேஜைக்கு நேரடியாக ஒட்டுகிற ஆய்வு ஸ்கேன் இல்லாமலேயே வந்தது. ஜெரமி வுல்ஃபின் குழு 2005-இல், ஏர்போர்ட் பெட்டிச் சோதனை மாதிரி குவிந்து கிடக்கும் பொருள்களுக்கு நடுவே கருவிகளைத் தேடச் சொன்னது. பாதிப் படங்களில் கருவி இருந்தபோது 7 சதவீதம்தான் தவறவிட்டார்கள். நூற்றுக்கு ஒரு படத்தில் மட்டும் வைத்தபோது, வந்தவற்றில் 30 சதவீதத்தைத் தவறவிட்டார்கள். அரிதாக வருவதைக் கண் விட்டுவிடுகிறது. இல்லை, இல்லை என்று சொல்லிச் சொல்லி, இல்லை என்பதே கைப்பழக்கமாகிவிடுகிறது. அப்படியானால் நன்றாகத் தைக்கிற லைனுக்குச் செக்கிங் செய்வதுதான் கஷ்டம். நல்ல டைலர்கள் உட்காரும் டேபிளில் டேமேஜ் அபூர்வம், அதனாலேயே வந்த ஒன்று நழுவும். இதைச் சம்பளம் பிடிப்பவர்கள் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

படித்தவர்களும் தப்பவில்லை. 2013-இல் வுல்ஃபோடு டிராஃப்டன் ட்ரூவும் மெலிசா வோவும் 24 கதிரியக்க மருத்துவர்களிடம் நுரையீரல் சி.டி. படங்களைக் கொடுத்துக் கட்டியைத் தேடச் சொன்னார்கள். கடைசிப் படத்தில் ஒரு கொரில்லா உருவத்தைச் செருகியிருந்தார்கள், வழக்கமான கட்டியைவிட 48 மடங்கு பெரியது. 20 பேர் கவனிக்கவில்லை. அவர்களில் பெரும்பாலோரின் கண் கொரில்லா மேலேயே போய் நின்றிருந்ததைக் கண்ணின் அசைவைப் பதிவு செய்யும் கருவி காட்டியது. யாருக்கும் கால் ஷிப்ட் பிடிக்கவில்லை.

வழி இல்லாமலும் இல்லை. ஏர்போர்ட் எக்ஸ்ரே திரைகளில் அவ்வப்போது பொய்யான ஆயுதப் படத்தை மெஷினே செருகிவிடும், பார்ப்பவர் பிடித்தால் சபாஷ் சொல்லும். இடையிடையே கொஞ்ச நேரம் தேடும் பொருள் நிறைய வரும்படி வைத்து, பிடித்தது சரியா தப்பா என்று உடனுக்குடன் சொன்னால் விடுபடுவது குறைகிறது என்று வுல்ஃப் குழு 2007-இல் காட்டியது. திருப்பூர்க் கணக்கில் சொன்னால், கட்டு நடுவே தெரிந்தே நாலு டேமேஜ் பீஸைக் கலந்து வைப்பது, விதவிதமான டேமேஜாக.

போன பொங்கலுக்கு இதையெல்லாம் அத்தையிடம் சொன்னேன். இப்போது கான்ட்ராக்டில் பீஸ் ரேட்டுக்குப் பார்க்கிறார். முறுக்குப் பிழிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். கொரில்லாவுக்குச் சிரித்தார். டேமேஜ் பீஸ் கலக்கும் விஷயம் வந்ததும் கை நின்றது.

“ஏங்கண்ணு, அந்தக் கலந்த பீசுக்கும் சேத்தித்தான ரேட்டுப் போடுவாங்க?”